வில்லைக்குள் சுருங்கும் ரயில்

மும்பையின் மாட்டுங்கா இருப்புப்பாதைகளால் வகுக்கப்பட்ட பகுதி. நடுவில் மத்திய ரயில்வேயின் மாட்டுங்கா நிலையம், அதற்கு மேற்கே மேற்கு ரயில்வேயின் மாட்டுங்கா ரோடு நிலையம், கிழக்கே துறைமுகப் பாதையின் கிங்ஸ் சர்க்கிள் நிலையம் என மூன்று பாதைகளும் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடந்துபோகும் தொலைவிலேயே ஓடுகின்றன. முதலிரண்டுக்கும் இடைப்பட்ட நிலத்தில் 1915இல் நிறுவப்பட்ட ரயில்வே பணிமனையும், அதற்கு வடக்கே தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தாராவியும் இருக்கின்றன. 2017 ஜூலையில் நிலைய மேலாளர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை அனைவரும் பெண்களாகவே அமைந்த நாட்டின் முதல் ரயில் நிலையம் என்ற சிறப்பை மாட்டுங்கா பெற்றபோது, படம் எடுப்போரின் பார்வை இந்நிலையத்தின் பக்கம் கூடுதலாகத் திரும்பியது. ஆனால் அதற்கு முன்பும் மழைக்காலத்தில் நீர் பளபளக்கும் தண்டவாளங்களும், கதவுகளில் மனிதர்கள் கொத்தாய்த் தொங்கும் லோக்கல் ரயில்களும், பணிமனைக்குள் வரிசையாய் நிற்கும் பெட்டிகளும் இப்பகுதியைப் புகைப்படக்காரர்களுக்கு உகந்த இடமாக வைத்திருந்தன.

இந்த ஈர்ப்புக்குக் காட்சியியல் காரணம் ஒன்று உண்டு. இணையாகச் செல்லும் இரு கோடுகள் தொலைவில் ஒரு புள்ளியில் சேர்வதுபோல் கண்ணுக்குத் தோன்றுகின்றன. ஓவியர்கள் மறைபுள்ளி என்று குறிப்பிடும் அப்புள்ளியை நோக்கிப் பார்ப்பவரின் கண் தானாகவே இழுக்கப்படுவதால், தண்டவாளம் இருக்கும் படத்தில் ஆழம் தானே வந்து அமைகிறது. அந்த ஆழம் முழுமையாகக் கிடைக்க வேண்டுமானால் படம் எடுப்பவர் இரு தண்டவாளங்களுக்கும் நடுவில், தடத்தின் நேர்கோட்டில் நிற்க வேண்டும். படத்துக்கு மிகச் சிறந்த அந்த இடமே, எதிரே வரும் ரயிலின் வேகத்தை மனிதக் கண் மிக மோசமாக மதிப்பிடும் இடமாகவும் அமைந்துவிட்டது என்பதுதான் இப்பொருளின் மையச் சிக்கல். எச்சரிக்கையாக இருந்தால் போதும் என்று புகைப்படக்காரர் நம்புகிறார். எச்சரிக்கை எந்தப் புலன்களை நம்பியிருக்கிறதோ அந்தப் புலன்களுக்குச் சென்று சேரும் செய்தியையே கேமரா மாற்றிவிடுகிறது.

ஒரு பொருள் நம்மை நோக்கி வருகிறது என்பதை மூளை இரண்டு வழிகளில் அறிகிறது. பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது பின்னணியிலுள்ள மரங்களையும் கம்பங்களையும் பொருள் எவ்வளவு விரைவாகக் கடக்கிறது என்பதிலிருந்து வேகம் தெரியும். நேர் எதிரிலிருந்து பார்க்கும்போது அந்த ஒப்பீடு கிடைப்பதில்லை. பொருளின் உருவம் விழித்திரையில் எவ்வளவு விரைவாகப் பெருக்கிறது என்ற ஒரே குறிப்புதான் எஞ்சுகிறது. இந்தப் பெருக்கம் தொடக்கத்தில் மிகமிக மெதுவாகவும் இறுதியில் திடீரென்றும் நிகழ்வது வடிவியலின் விதி. மும்பை லோக்கல் ரயிலின் பெட்டி ஏறத்தாழ 3.66 மீட்டர் அகலம் கொண்டது. 300 மீட்டர் தொலைவில் அது முழுநிலவின் விட்டத்தைவிடச் சற்றே பெரிதாகத் தெரியும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 22 மீட்டர் வீதம், அது நெருங்கினாலும் அடுத்த ஒரு விநாடியில் அதன் உருவம் 8 விழுக்காடு மட்டுமே பெருக்கும். அந்த மாற்றத்தைக் கண் பொருட்படுத்துவதில்லை. ஓர் உருவம் விநாடிக்கு ஏறக்குறைய 0.003 ரேடியன், அதாவது ஒரு பாகையில் ஆறில் ஒரு பங்கு, என்ற வீதத்தில் விரியத் தொடங்கிய பிறகே அது தம்மை நோக்கி விரைந்து வருகிறது என்பதை மனிதர்கள் உணர்வதாகப் பார்வையியல் ஆய்வுகள் காட்டுகின்றன. இந்த அளவை மேற்சொன்ன ரயிலுக்குப் பொருத்திக் கணக்கிட்டால், ரயில் 165 மீட்டர் தொலைவுக்கு வந்த பின்புதான் வேகம் உணரப்படும். அப்போது கையிலிருப்பது 7 விநாடி.

இதோடு இன்னொரு மயக்கமும் சேர்கிறது. பெரிய பொருள்கள் தம் உண்மையான வேகத்தைவிட மெதுவாகச் செல்வதாகவே கண்ணுக்குத் தோன்றுகின்றன. அமெரிக்க உளவியலாளர் ஹெர்ஷல் லைபோவிட்ஸ் 1985இல் ரயில்வே கடவு விபத்துகளை ஆராய்ந்தபோது முன்வைத்த இக்கருத்து, தரையிறங்கும் பெரிய விமானம் வானில் மிதந்து வருவதுபோலத் தெரிவதையும், அதைவிட மெதுவாக வரும் சிறிய விமானம் பாய்ந்து வருவதுபோலத் தெரிவதையும் விளக்குவதற்கு உதவுகிறது. 12 அல்லது 15 பெட்டிகள் கொண்ட ஒரு ரயில், தெருவில் வரும் ஆட்டோவைவிடச் சோம்பலாக வருவதாகக் கண் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

மாட்டுங்காவுக்கு அருகே துறைமுகப் பாதையிலுள்ள வடாலாவில் இந்தக் கருத்து நடைமுறையில் சோதித்துப் பார்க்கப்பட்டது. தடம் கடப்போர் தொடர்ந்து இறந்துவந்த அவ்விடத்தில், மனித நடத்தையை ஆராயும் ஃபைனல் மைல் என்ற மும்பை நிறுவனம் மத்திய ரயில்வேயின் இசைவுடன் 2009ஆம் ஆண்டின் இறுதியில் மூன்று எளிய மாற்றங்களைச் செய்தது. தண்டவாளங்களைத் தாங்கும் சிலிப்பர் கட்டைகளில் இடையிட்டு மஞ்சள் வண்ணம் பூசப்பட்டது. வண்ணப்பட்டைகளை ரயில் ஒன்றன்பின் ஒன்றாக விழுங்கி வருவதைக் காணும்போது, நேர் எதிரிலிருந்து பார்ப்பவருக்கு இதுவரை இல்லாத ஓர் அளவுகோல் கிடைக்கிறது. ஒரே நீண்ட ஊதலுக்குப் பதிலாக இரண்டு குறுகிய ஊதல்களை எழுப்புமாறு மோட்டார்மேன்கள், அதாவது லோக்கல் ரயிலின் ஓட்டுநர்கள், கேட்டுக்கொள்ளப்பட்டனர். தொடர்ந்து ஒலிக்கும் ஓசைக்கு மூளை விரைவில் பழகிவிடும், இடையில் விழும் மௌனமோ கவனத்தைத் தட்டி எழுப்பும். மூன்றாவதாக, ரயிலில் அடிபடவிருக்கும் ஒருவரின் முகத்தில் படரும் பேரச்சத்தை மிக அருகில் காட்டும் படங்கள் கடவுக்கு அருகே வைக்கப்பட்டன. அடுத்த மாதங்களில் அங்கே உயிரிழப்புகள் பாதிக்கும் மேல் குறைந்தன. ஒரு சிறு பகுதியில் நடந்த சோதனை என்பதால் இந்த முடிவை எல்லா இடத்துக்கும் அப்படியே நீட்டிவிட முடியாது. ஆயினும் அபாய அறிவிப்புப் பலகையும் அபராத மிரட்டலும் செய்யாததை, கண்ணுக்கு ஓர் அளவுகோலைக் கொடுத்த சிறிது மஞ்சள் பூச்சு செய்தது என்பது கருதத்தக்கது.

வெறுங்கண்ணின் நிலையே இவ்வாறிருக்க, கையில் கேமராவோ செல்பேசியோ வரும்போது நடப்பதை எண்களால் பார்ப்பதே பயன்தரும். செல்பேசியின் முதன்மைக் கேமரா அகன்ற கோணம் உடையது. நிமிர்த்திப் பிடிக்கும்போது இடமிருந்து வலமாக ஏறத்தாழ 50 பாகைக் காட்சியை அது உள்வாங்குகிறது. அந்தக் காட்சி முழுவதும் 7 சென்டிமீட்டர் அகலத் திரையில் அடைக்கப்பட்டு, முகத்திலிருந்து 40 சென்டிமீட்டர் தொலைவில் பிடிக்கப்படும்போது, பார்ப்பவரின் கண்ணுக்கு அது 10 பாகை மட்டுமே. ஆக, திரையில் தெரியும் ஒவ்வொரு பொருளும் நேரில் தெரிவதைப் போல் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. 300 மீட்டர் தொலைவிலுள்ள ரயில் திரையில் ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. 100 மீட்டருக்கு வரும்போது அது இரண்டே முக்கால் மில்லிமீட்டர். 50 மீட்டருக்கு வந்து, வந்து சேர இரண்டேகால் விநாடியே எஞ்சியிருக்கும்போதும் அதன் உருவம் அரை சென்டிமீட்டர்தான். நெல்மணி ஒன்றின் நீளத்துக்கும் குறைவான அந்த உருவம் உயிரைப் பறிக்கும் தொலைவில் இருப்பதாக எந்த உள்ளுணர்வும் உரைக்காது. உருவம் விரியும் வீதமும் அதே அளவுக்குச் சுருங்குவதால், முன்னர் 165 மீட்டரில் கிடைத்த எச்சரிக்கை இப்போது 70 மீட்டரில்தான் கிடைக்கிறது. 7 விநாடி 3 விநாடியாகிறது. இவை தோராயக் கணக்குகள். செல்பேசிக்குச் செல்பேசி அளவு மாறும், ஆனால் போக்கு மாறாது.

தன்னையே படம் எடுத்துக்கொள்ளும் செல்ஃபியில் நிலைமை இதைவிடக் கொடியது. படம் எடுப்பவர் ரயிலுக்கு முதுகு காட்டி நிற்கிறார். ரயிலைப் பற்றி அவருக்குக் கிடைக்கும் செய்தி அனைத்தும் திரை வழியாகவே வந்தாக வேண்டும். முன்பக்கக் கேமராவின் காட்சி கண்ணாடி போல இடவல மாற்றத்துடன் காட்டப்படுவதால், எந்தத் தடத்தில் ரயில் வருகிறது, எந்தப் பக்கம் விலக வேண்டும் என்ற முடிவில் அவசரத்தின்போது ஒரு கணத் தடுமாற்றம் நேர்கிறது. அந்தக் கணத்துக்கு மேற்சொன்ன 3 விநாடியில் இடமில்லை. அபாயத்தை உணர்ந்து உடலை அசைக்கத் தொடங்கவே மனிதருக்கு ஒன்றரை விநாடிக்குக் குறையாமல் ஆகிறது. காலடியில் இருப்பதோ சமதரை அல்ல, மிதித்தால் உருளும் கருங்கல் ஜல்லி.

பெரிய கேமராவைக் கையாளும் தொழில்முறையாளர் இவற்றிலிருந்து தப்பிவிடுவதாகக் கருதுவதும் சரியல்ல. தொலைவுக்காட்சி வில்லையைப் பொருத்தியவருக்கு ரயில் சுருங்குவதற்கு மாறாகப் பெருத்துத் தெரிகிறது என்பது உண்மையே. ஆனால் ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைக் காட்சிக்குழலில் வைத்தவுடன், ஏறத்தாழ அரைவட்ட அளவுக்கு விரிந்திருந்த பார்வைப்புலம் சில பாகைகளாகக் குறுகிவிடுகிறது. பக்கத்துத் தடம் அவருடைய உலகத்திலிருந்தே நீங்கிவிடுகிறது. கவனத்தின் இயல்பும் இதற்குத் துணைபோகிறது. 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் ஆகிய உளவியலாளர்கள் நடத்திய புகழ்பெற்ற சோதனையில், பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்த பார்வையாளர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், கொரில்லா வேடமணிந்த ஒருவர் காட்சியின் நடுவே நடந்து சென்றதைக் கண்ணால் கண்டும் அறியவில்லை. கவனமின்மைக் குருடு எனப்படும் இந்நிலை சோம்பேறிகளுக்கு வருவதன்று. ஒரு செயலில் முழுமனதாக ஆழ்ந்திருப்பவருக்கே வருவது. ஒளியும் சட்டகமும் கூடிவரும் கணத்துக்காகக் காத்திருக்கும் நல்ல புகைப்படக்காரர்தான் அதற்கு முதலில் ஆட்படுகிறார்.

பக்கத்துத் தடம் என்பது மும்பையில் வெறும் பேச்சுக்குச் சொல்வதன்று. மாட்டுங்கா ஸ்லோ லோக்கல்கள் மட்டும் நிற்கும் நிலையம். ஃபாஸ்ட் லோக்கல்களும் தொலைதூர விரைவு ரயில்களும் நிற்காமல் பாய்ந்து செல்கின்றன. தாதருக்கு வடக்கே உள்ள இப்பகுதியில், தாதர் முனையத்திலிருந்து புறப்படும் ரயில்கள் தடம் மாறவும் செய்கின்றன. 2022 ஏப்ரல் 15ஆம் நாள் இரவு தாதரிலிருந்து கிளம்பிய புதுச்சேரி விரைவு ரயிலின் பின்பகுதியில் கதக் விரைவு ரயில் மோதி மூன்று பெட்டிகள் தடம்புரண்டது மாட்டுங்காவுக்கு அருகில், இத்தகைய தடச் சந்திப்பில்தான். சமிக்ஞைகளை அறிந்த ரயில்வே ஊழியரே எந்த ரயில் எந்தத் தடத்தில் வரும் என்பதை விதிமுறைகளின் துணையோடுதான் தீர்மானிக்க முடியும் என்றிருக்க, வழக்கமாக இந்த நேரத்தில் இந்தத் தடத்தில் எதுவும் வராது என்று வெளியாள் போடும் கணக்குக்கு எந்த மதிப்பும் இல்லை. தடங்களைப் பிரிக்கும் பாயிண்டுகள், அதாவது நகரும் தண்டவாள நாக்குகள், தொலைவிலிருந்து இயக்கப்பட்டு முன்னறிவிப்பின்றி மூடிக்கொள்வதால், அங்கே வைத்த காலும் முக்காலியின் காலும் சிக்கிக்கொள்வதுண்டு.

ரயில் வந்தால் ஓசை கேட்குமே என்பது அடுத்த நம்பிக்கை. சக்கரமும் தண்டவாளமும் அதிர்ந்து எழுப்பும் ஓசை எல்லாத் திசைகளிலும் சமமாகப் பரவுவதில்லை; தடத்துக்குச் செங்குத்தான பக்கவாட்டில் வலுவாகவும், தடத்தின் நேர்திசையில் மிக மெலிதாகவும் அது பரவுகிறது. ரயில் பக்கவாட்டில் நம்மைக் கடக்கும்போது பேரோசை எழுவதும், எதிரே வரும்போது அதே ரயில் அமைதியாயிருப்பதும் இதனால்தான். முன்பு தண்டவாள இணைப்புகளில் சக்கரம் ஏறி இறங்கும்போது எழுந்த தடக் தடக் ஓசை ஒரு காவலாக இருந்தது. இப்போது நீண்ட தொடர்ச்சியாகப் பற்றவைத்த தண்டவாளங்கள் அந்த ஓசையைப் போக்கிவிட்டன. ஒரு ரயிலின் இரைச்சல் மற்றொன்றின் ஓசையை முற்றிலும் விழுங்கிவிடுவதும் உண்டு. ஒலியியலில் இது மறைப்பு எனப்படுகிறது. 2018 அக்டோபர் 19ஆம் நாள் அமிர்தசரஸில் தசரா விழாவின்போது, இராவணன் உருவம் எரிவதைத் தண்டவாளத்தின் மீது நின்று பார்த்துக்கொண்டும் செல்பேசியில் படம் பிடித்துக்கொண்டும் இருந்த கூட்டத்தின் மீது ரயில் பாய்ந்து ஏறத்தாழ 60 பேர் இறந்தனர். பட்டாசு ஓசையில் ரயிலின் வரவு அவர்களுக்குக் கேட்கவில்லை. கண்ணைத் திரையும் காதை வெடியும் பறித்துக்கொண்ட நிலையில் அம்மக்களைக் கவனமற்றவர்கள் என்று பழிப்பது எளிது, நியாயமன்று.

தண்டவாளத்தைவிட்டுச் சற்று விலகி நின்றால் போதும் என்று எண்ணுவோரும் அகலத்தைத் தவறாகவே அளக்கின்றனர். இந்திய அகலப்பாதையில் இரு தண்டவாளங்களுக்கும் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். லோக்கல் பெட்டியின் அகலம் 3,660 மில்லிமீட்டர். ஆகவே பெட்டி ஒவ்வொரு பக்கமும் தண்டவாளத்துக்கு வெளியே ஏறத்தாழ ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டு வருகிறது. அதற்கும் அப்பால் வண்டியின் ஊசலாட்டமும், நெரிசல் நேரத்தில் கதவில் தொங்குபவரின் தோளும் பையும் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் தண்டவாளத்தை எல்லையாகக் கொள்பவர், உண்மையான எல்லைக்கு ஒரு மீட்டருக்கும் மேல் உள்ளே நிற்கிறார். இரண்டு தடங்களுக்கு நடுவே ஒதுங்கிக்கொள்வதும் ஆபத்தைக் கூட்டும். தட மையங்களுக்கிடையே நாலே முக்கால் மீட்டர் இருக்கும் இடத்தில், இரு பக்கமும் ஒரே நேரத்தில் ரயில் கடக்கும்போது எஞ்சும் இடைவெளி ஒரு மீட்டர்தான், அதிலும் காற்று இரு பக்கத்திலிருந்தும் உடலைத் தள்ளி அலைக்கழிக்கும்.

ஆபத்து தலைக்கு மேலேயும் இருக்கிறது. 1925 பிப்ரவரி 3ஆம் நாள் மும்பையில் நாட்டின் முதல் மின்ரயில் ஓடியது முதல் இந்நகரப் பாதைகள் 1,500 வோல்ட் நேர்மின்சாரத்தில் இயங்கிவந்தன. மேற்கு ரயில்வே 2012இலும், மத்திய ரயில்வேயின் முதன்மைப் பாதை 2015இலும், துறைமுகப் பாதை 2016இலும் 25,000 வோல்ட் மாறுதிசை மின்சாரத்துக்கு மாற்றி முடிக்கப்பட்டன. மின்னழுத்தம் கூடினால் அதே திறனைக் குறைந்த மின்னோட்டத்தில் அனுப்பலாம், இழப்பு குறையும், கூடுதல் ரயில்களை ஓட்டலாம் என்பது இதன் பயன். ஆனால் இவ்வளவு அழுத்தத்தில் கம்பியைத் தொட வேண்டிய தேவையே இல்லை. உடலோ, உலோகக் கோலோ போதிய அளவு நெருங்கும்போது இடையிலுள்ள காற்று அயனியாகி, அதாவது மின்னேற்றம் பெற்று, மின்சாரத்துக்கு வழிவிட்டு, மின்வில் பாய்கிறது. கூர்மையான முனையும் மழைக்காலத்து ஈரமும் அந்தத் தாவலை எளிதாக்கும். பயிற்சி பெற்ற ஊழியர்களே மின்னோட்டம் உள்ள பாகங்களிலிருந்து 2 மீட்டருக்குள் செல்லக் கூடாது என்பது ரயில்வேயின் விதி. பெட்டியின் கூரை தரையிலிருந்து நாலேகால் மீட்டர், கம்பி ஐந்தரை மீட்டர் உயரத்தில் இருக்கும் என்பதால், நிறுத்தி வைத்த பெட்டியின் மேல் ஏறிப் படம் எடுப்பவர் நிமிர்ந்து நிற்கும் முன்பே அந்த 2 மீட்டர் எல்லைக்குள் புகுந்துவிடுகிறார். ஓடாத ரயில் ஆபத்தற்றது என்று நம்பிச் சரக்குப் பெட்டிகளின் மேல் ஏறிய இளைஞர்கள் கருகி இறந்த செய்திகள் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்துகொண்டேயிருக்கின்றன.

நிகழ்வன அனைத்தையும் முன்னாலிருந்து காண நேர்பவர் மோட்டார்மேன். எஃகுச் சக்கரம் எஃகுத் தண்டவாளத்தின் மீது மிகக் குறைந்த உராய்வோடு உருளுவதால்தான் ரயில் சிக்கனமாக ஓடுகிறது. அதே காரணத்தால் அதை நிறுத்துவதும் கடினம். 80 கி.மீ. வேகத்தில் வரும் லோக்கல், ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 0.8 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால், நிற்பதற்கு 300 மீட்டரும் 28 விநாடியும் எடுத்துக்கொள்ளும். முழு வேகத்தில் வரும் விரைவு ரயிலுக்கு ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தேவை. விலகிச் செல்ல அவரிடம் திசைமாற்றி இல்லை. ஊதலை அழுத்துவதும் பிரேக்கை இழுப்பதும் தவிர அவரால் செய்யக்கூடியது ஏதுமில்லை, மீதி விநாடிகளை அவர் பார்த்துக்கொண்டே கடக்க வேண்டும். அந்தக் காட்சி பணி முடிந்த பின்னும் அவரைவிட்டு அகல்வதில்லை. படக்காரரின் ஒளிவிளக்கும் அவருக்குச் சிக்கலை உண்டாக்குகிறது. இரவில் வெள்ளை விளக்கை வேகமாகக் குறுக்கே ஆட்டுவது, சிவப்பு விளக்கு இல்லாதபோது, ரயிலை நிறுத்துவதற்கான கைச்சமிக்ஞையாக ரயில்வே பொது விதிகளில் ஏற்கப்பட்டிருக்கிறது. செல்பேசி விளக்கைத் தடத்தோரம் விளையாட்டாக ஆட்டுபவர் தம்மை அறியாமல் ஒரு சமிக்ஞையைக் கொடுத்துக்கொண்டிருக்கலாம்.

இந்தப் பின்னணியில்தான் சட்டத்தை வாசிக்க வேண்டும். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவு, உரிய அதிகாரமின்றி ரயில்வேயின் எந்தப் பகுதிக்குள் நுழைந்தாலும் அதை அத்துமீறலாகக் கொண்டு, ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று தண்டனை விதித்திருக்கிறது. இப்பிரிவு நிலவுடைமையைக் காப்பதற்கென்று மட்டும் இயற்றப்பட்டதாகத் தோன்றலாம். ஆனால் கண்ணும் காதும் கைவிடும் இடம் எது என்பதைத் தனிமனிதர் தாமே தீர்மானிக்க முடியாத சூழலில், நுழையவே கூடாது என்னும் கோடு ஒன்றே அறிவியலோடு பொருந்தும் கோடு. சட்டம் வேறுபடுத்தாத ஒன்றை இங்கே வேறுபடுத்தியும் காட்ட வேண்டும். அனில் காகோட்கர் தலைமையிலான உயர்நிலைப் பாதுகாப்பு ஆய்வுக் குழு 2012இல் அளித்த அறிக்கை, நாடு முழுவதும் ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேர் தடங்களில் அத்துமீறி நுழைந்ததால் இறப்பதாகவும், அவர்களில் ஏறத்தாழ 6,000 பேர் மும்பைப் புறநகர்ப் பாதைகளில் இறப்பதாகவும் மதிப்பிட்டது. 2023இல் மும்பையில் ரயில் பாதைகளில் நேர்ந்த உயிரிழப்புகள் 2,590 என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. குறைந்த பின்னும் அது நாளொன்றுக்கு ஏழு உயிர். இவர்களில் பெரும்பாலோர் படம் எடுக்கப் போனவர்கள் அல்லர். வீட்டுக்கும் வேலைக்கும் நடுவே தடம் கிடப்பதாலும், அருகில் பாலம் இல்லாததாலும், இருக்கும் பாலத்தில் நெரிசல் தாங்காததாலும் கடந்தவர்கள். தாராவி போன்ற இடத்தில் அவர்களைக் காப்பது பாலமும் வேலியும்தான், அபராதம் அல்ல. படத்துக்காக நுழைபவரின் நிலை வேறு. அவரை அங்கே தள்ளியது எந்தக் கட்டாயமும் அல்ல, வேறோர் இடத்திலிருந்து எடுக்கும் வாய்ப்பு அவருக்கு எப்போதும் உண்டு.

படத்துக்காக நேரும் இறப்புகள் எண்ணிக்கையில் சிறிதாயினும், இந்தியா அவற்றில் முன்னிற்கிறது. தில்லியின் இந்திரபிரஸ்தா தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய பொன்னுரங்கம் குமரகுருவும் கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சேர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வு, 2014 மார்ச் முதல் உலகெங்கும் நேர்ந்த 127 செல்ஃபி இறப்புகளைத் தொகுத்து, அவற்றில் 76 இந்தியாவில் நேர்ந்தவை என்று கண்டது. தண்டவாளத்தில் நண்பரோடு நின்று எடுக்கும் படம் முடிவற்ற நட்பின் அடையாளம் என்ற எண்ணம் இந்திய இளைஞர்களிடையே இருப்பதையும் அவ்வாய்வு சுட்டியது. இணைபிரியாமல் நீளும் இரு கோடுகளில் நட்பைக் காணும் கற்பனையில் குற்றம் காண ஏதுமில்லை. அதனால்தான் அந்த இளைஞர்களைக் கேலி செய்யும் எழுத்துகள் அவர்களைச் சென்று சேர்வதில்லை.

தொழில்முறையினரும் இதே பிழையைச் செய்த நிகழ்வு அமெரிக்காவில் உண்டு. 2014 பிப்ரவரி 20ஆம் நாள் ஜார்ஜியா மாநிலத்தில் ஆல்டமஹா ஆற்றின் மீதுள்ள ரயில் பாலத்தில், மிட்நைட் ரைடர் என்ற திரைப்படத்தின் குழுவினர், தடத்தின் உரிமையாளரான சிஎஸ்எக்ஸ் நிறுவனம் இசைவு மறுத்திருந்தும், உலோகக் கட்டிலொன்றைத் தண்டவாளத்தில் வைத்துப் படமெடுத்தனர். எதிர்பாராத ரயில் வந்தபோது ஒதுங்க இடமில்லாத அப்பாலத்தில் சாரா ஜோன்ஸ் என்ற 27 வயது ஒளிப்பதிவு உதவியாளர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். இயக்குநர் 2015இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ரயில் வந்தால் ஓட ஒரு நிமிடம் கிடைக்கும் என்பதே அன்று குழுவினருக்குச் சொல்லப்பட்ட பாதுகாப்புத் திட்டம். இதற்கு நேர்மாறான முறையையும் தமிழர்கள் திரையில் கண்டிருக்கிறார்கள். மணிரத்னத்தின் 1998ஆம் ஆண்டுப் படத்தில், தமிழில் உயிரே என்று வெளிவந்ததில், ஓடும் ரயிலின் கூரையில் ஆடும் பாடல் நீலகிரி மலை ரயிலில் படமாக்கப்பட்டது. அந்தத் தடத்தில் மேலே மின்கம்பி கிடையாது, வண்டி மெதுவாகச் செல்வது, ஓட்டம் முழுவதும் படப்பிடிப்பின் கட்டுப்பாட்டில் இருந்தது. திரையில் கட்டற்றதாகத் தெரிந்த ஆட்டம் அத்தனைக் கட்டுப்பாடுகளுக்குள் நிகழ்ந்தது. மும்பையிலும் ரயில்வேயின் மக்கள் தொடர்புத் துறையிடம் விண்ணப்பித்து, கட்டணம் செலுத்தி, அதிகாரிகளின் மேற்பார்வையில் படமெடுக்கும் முறை நெடுங்காலமாக நடைமுறையில் இருக்கிறது.

அவ்வளவு ஏற்பாடு செய்ய இயலாதவருக்கும் மாட்டுங்கா ஓர் இடத்தை வைத்திருக்கிறது. மத்திய ரயில்வேயின் மாட்டுங்காவையும் மேற்கு ரயில்வேயின் மாட்டுங்கா ரோடையும் இணைக்கும் நடைமேம்பாலம், வளைந்து செல்லும் அதன் வடிவத்தால் இசட் பாலம் என்று அப்பகுதியில் அழைக்கப்படுகிறது. தடத்துக்கு மேலே உயரத்திலிருந்து பார்க்கும்போது, தரைமட்டத்தில் நின்றவருக்குக் கிடைக்காத செய்தி கிடைக்கிறது. ரயில் கடந்துவரும் தடம் ஓர் அளவுகோல்போல விரிந்து கிடப்பதால், சிலிப்பர்களையும் மின்கம்பங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அது தாண்டுவது தெரிந்து வேகம் உண்மையாகவே கண்ணுக்குப் புலப்படுகிறது. வடாலாவில் மஞ்சள் வண்ணம் செய்த வேலையை இங்கே உயரம் செய்கிறது. மறைபுள்ளியும் கெடுவதில்லை, தடங்கள் அதே புள்ளியில்தான் சேர்கின்றன, கூடவே ஒரே சட்டகத்தில் பல ரயில்கள் வரும் வாய்ப்பும் உண்டு.

மின்கம்பிகளுக்கு மேலே செல்லும் பாலங்களில் அடைக்கப்பட்டிருக்கும் கம்பிவலை படத்தைக் கெடுக்கும் என்பதே புகைப்படக்காரர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை. அந்த வலைக்குள் கோலையோ கையையோ நீட்டுவது மேற்சொன்ன 2 மீட்டர் எல்லையை மீறும் செயல். அதற்குத் தேவையும் இல்லை. 50 மில்லிமீட்டர் குவியத்தொலைவு கொண்ட வில்லையை எஃப் 2.8 திறப்பில் வைத்தால், ஒளி நுழையும் வாயிலின் விட்டம் ஏறத்தாழ 18 மில்லிமீட்டர். வலைக்கம்பியின் தடிமனோ சில மில்லிமீட்டர். வில்லையை வலைக்கு ஒட்டினாற்போல் வைத்துத் தொலைவில் வரும் ரயிலின்மீது குவியம் அமைத்தால், ரயிலின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி கம்பியைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்துவிடும். வில்லைக்கு மிக அருகே உள்ள கம்பி, படம் முழுவதும் பரவிய மெல்லிய மங்கலாகக் கரைந்துபோகும். செல்பேசிக்கு இதுவும் வேண்டியதில்லை. அதன் வில்லை வலைக்கண்ணைவிடச் சிறியது என்பதால், வலையின் உட்புறத்தில் வலைக்கண்ணுக்கு நேராக வைத்து, கைப்பட்டையை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டால், வலை சட்டகத்துக்குள் வருவதே இல்லை.